யாரையும் கேட்காமல் ஏறிய பஸ்

*செஞ்சியில் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே பாறையில் எழுத்து இருந்தது. பாறைக்குக் கீழே வாழும் என் அத்தைக்கு அது வந்து தங்க அறுபத்தைந்து வயது ஆனது. முதியோர் கல்வி எதை மாற்றுகிறது, எங்கே வந்து நின்றுவிடுகிறது?*

செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர்குன்று. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. மேலே ஏறினால் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். அருகே பாறையில் வெட்டிய சில வரி எழுத்து.

எனக்கு எழுத்துதான் பிழைப்பு. தமிழில் முதுகலை வேறு. அந்த வரிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. கடைசியில் கூட வந்த கல்வெட்டு ஆர்வலரிடம், "இதுல இன்னாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவிடம் அது. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு எழுத்து. பழைய தமிழி, வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலம். "மொத எழுத்தப் பாருங்க, அதான் ஐ. ஐம்பத்தேழுல வர்ற ஐ. ஐங்கிற எழுத்துக்குக் கிடைச்சிருக்கிற ரொம்பப் பழைய சாட்சிகள்ல இது ஒண்ணு" என்றார்.

சொன்னதை அப்படியே நம்பினேன். ஐம்பத்தேழுக்குப் பதில் அறுபத்தேழு என்று அவர் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். இறங்கி வரும்போதுதான் உறைத்தது. என் அத்தைக்கு முப்பத்தைந்து வயதுவரை பஸ் போர்டு, நிலப் பத்திரம், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாமே இந்தப் பாறைதான்.

கண்டக்டரின் குரல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் அரைமணி நேரம் நின்று பாருங்கள். திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம், சேத்துப்பட்டு என்று நாலா பக்கமும் பஸ் கிளம்பும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். போர்டு பளிச்சென்று இருக்கும்போதே கண்டக்டர்கள் ஊர்ப் பெயரை மூச்சுவிடாமல் கத்துவார்கள். ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் குரல்தான் போர்டு என்பது பின்னால்தான் புரிந்தது.

2021இல் இருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ரோஸ் பெயின்ட் அடித்த பஸ் வந்தால் காசு வேண்டாம் என்று கண்ணே சொல்லிவிடும். அது எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிய மட்டும் இன்னும் வாய் வேண்டும். "யப்பா, இது எந்த பஸ்ஸுப்பா?"

கேட்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அத்தைக்கு அது ஒரு தனிக் கணக்கு. யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது, கேட்டால் முகம் சுளிப்பார்களா, தப்பாகச் சொல்லிவிடுவார்களா என்று நின்று எடை போட வேண்டும். "யூனிபாரம் போட்ட பொண்ணுங்கள கேட்டா சரியா சொல்லும். வெள்ளையும் சொள்ளையுமா இருக்கறவங்கள கேட்டா ஏற எறங்கப் பாப்பாங்க" என்பார்.

நெல் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் மலையாகக் குவியும். எடைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, அன்றைய விலைப் பட்டியலில் தன் ரகத்துக்கு என்ன விலை என்று தானே பார்க்கிற விவசாயி ஒரு மாதிரி நிற்பார். "எவ்ளோ போட்டிருக்காங்க பாரு சாமி" என்று சீட்டை நீட்டுகிறவர் வேறு மாதிரி நிற்பார். முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வங்கியில் மை டப்பா இருந்த காலத்தில் கட்டை விரலை உருட்டிவிட்டு, அந்த நீல மையைச் சேலைத் தலைப்பில் துடைப்பார்கள். கறை போகாது. அதற்குத்தான் ஊரில் 'கைநாட்டு' என்று பெயர். ஆள் பெயராகவே ஒட்டிக்கொள்ளும்: "அது கைநாட்டுப்பா."

வேடிக்கை பாருங்கள், இப்போது ரேஷன் கடையிலும் சிம் கார்டு கடையிலும் படித்தவர் படிக்காதவர் எல்லாருமே கைநாட்டுதான். மெஷினில் விரலை வைத்தால்தான் வேலை நடக்கும். ஆனால் திரையில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விரல் வைப்பது வேறு, வை என்றதும் வைப்பது வேறு. காலமெல்லாம் களை பிடுங்கி, கல் உடைத்து ரேகை தேய்ந்துபோன விரலை அந்த மெஷின் ஏற்றுக்கொள்வதும் இல்லை. எழுத்தும் கிடைக்காமல் ரேகையும் போனவர்கள், "இன்னொரு வாட்டி அழுத்து பாட்டி" என்ற குரலுக்கு அழுத்திக்கொண்டே நிற்கிறார்கள்.

சேக்கந்தண்ணி கட்டிய பள்ளி

இத்தனைக்கும் இது எழுத்துக்குப் பஞ்சமான சீமை இல்லை. செஞ்சி வட்டாரத்தில் நேகனூர்ப்பட்டியிலும் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. திருநாதர்குன்றைவிடப் பழையது, தமிழி எழுத்து. சேக்கந்தியின் தாயாரான சேக்கந்தண்ணி என்பவர் ஒரு பள்ளி செய்வித்தார் என்று அது சொல்கிறது. பள்ளி என்றால் அன்று சமணத் துறவிகள் தங்கும் இடம். அவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்ததால் அந்தச் சொல்லே நாளடைவில் பள்ளிக்கூடம் ஆயிற்று என்று அறிஞர்கள் சொல்வார்கள். ஆக, ஏறக்குறைய 1,600 ஆண்டுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு தாய், 'பள்ளி' என்ற சொல்லோடு தன் பெயரையும் பாறையில் ஏற்றியிருக்கிறார்.

அடுத்து தேசிங்கு. 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி இளம் வயதில் மாண்ட செஞ்சி ராஜாவின் கதை, 'பெரிய எழுத்து' புத்தகமாகச் சந்தைக்குச் சந்தை விற்றது. அந்தப் பெயரையே கவனியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக, மங்கிய விளக்கிலும் தெரிகிற மாதிரிப் பெரிதாக அச்சிட்ட புத்தகங்கள் அவை. திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க ஊரே கேட்கும். எழுத்து ஊருக்குள் இருந்தது, ஒருவர் இருவர் கண்ணில் மட்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டம் 72 சதவீதத்தை ஒட்டி நின்றது. மாநிலச் சராசரிக்கு எட்டுப் படி கீழே.

'பட்டா'வில் தொடங்கிய பாடம்

என் அத்தை முதல்முறை எழுத்தைத் தொட்டது அறிவொளி நாட்களில். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அந்த அலை பக்கத்துப் புதுச்சேரியையும் தொட்டு, தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் என்ற பெயரில் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. நாடகக் குழுக்கள் தெருத்தெருவாக வந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணைகளில் விளக்கு ஏறியது. எங்கள் தெருவில் பாடம் நடத்தியது பத்தாவதில் தவறிய ஒரு பையன். மாணவிகள் எல்லாரும் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள். அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து, "டேய், மொதல்ல சாப்ட்டியாடா?" என்று குரல் வரும்.

அறிவொளிப் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. முதல் பாடத்திலேயே 'பட்டா' வந்தது. ப, ட இரண்டும் கோடு இழுத்தால் வந்துவிடுகிற எழுத்துகள். சொல்லோ, கேட்பவர் எல்லாருக்கும் நெஞ்சில் தைக்கிற சொல். பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ பிரேய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரின் 300 கூலித் தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்க முயன்றபோது பிடித்த வழியும் இதுவே. அவர்கள் கையில் புழங்குகிற, அவர்கள் வாழ்க்கையைப் பேச வைக்கிற சொல்லை எடுத்து அதிலிருந்து எழுத்தைப் பிரிப்பது. அவர் பாடத்தில் பேர்போன சொல் 'செங்கல்.'

பட்டா என்று எழுதிப் பழகிய வாரம் அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து குடும்பத்தின் பட்டாவை எடுத்து விரித்துவைத்து எழுத்துக் கூட்டினார். மாமனார் பெயர் இருந்தது. மாமாவின் பெயர் இருந்தது. கொழுந்தனார் பெயர் இருந்தது. "இதுல எம்பேரு எங்க?" என்று மாமாவைக் கேட்டார். மாமா அன்றைக்கு வகுப்பு நடத்திய பையனைத்தான் திட்டினார்.

அறிவொளி என்றாலே எல்லாரும் புதுக்கோட்டையைச் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1991இல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்கள் அதே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். படிப்பு, சைக்கிள், குவாரி மூன்றும் ஒரே கயிற்றின் முறுக்கு. படித்தவள் கணக்குக் கேட்டாள், சைக்கிள் கற்றவள் யாரையும் எதிர்பார்க்காமல் கூட்டத்துக்குப் போனாள், குவாரியை எடுத்தவளுக்குப் படித்ததைப் பயன்படுத்த தினமும் ஒரு வேலை இருந்தது.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். எங்கள் தெருவில் அதுதான் இல்லாமல் போனது.

கோலமாக மிஞ்சிய கையெழுத்து

இயக்கம் முடிந்தது. பையன் வேலை தேடிப் பெங்களூர் போனான். திண்ணை விளக்கு அணைந்தது. வளர்கல்வி மையங்கள் என்று அடுத்த கட்டம் வந்தது, ஆனால் எங்கள் தெருவில் அத்தைக்குப் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருகிற ஒரே அச்சுக் காகிதம் மளிகைப் பொட்டலம். அதன் எழுத்து பொடி. பத்து வருடத்தில் எல்லாம் கரைந்து கையெழுத்து மட்டும் மிஞ்சியது.

அதுவும் எழுத்தாக மிஞ்சவில்லை, கோலமாக மிஞ்சியது. அத்தை கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு சுழி, அதிலிருந்து இழுப்பு, மேலே ஒரு புள்ளி, கடைசியில் ஒரு கொக்கி. இடையில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர வராது. வாசலில் கோலம் கலைந்தால் முதல் புள்ளியிலிருந்து வைப்பது போல மறுபடி தொடங்க வேண்டும். அவர் பெயரில் வருகிற அதே எழுத்தை வேறு சொல்லில் காட்டினால் தெரியாது.

1989இல் தருமபுரியில் பிறந்து மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கைநாட்டைக் கையெழுத்தாக்கியதில் பெரிய வேலை செய்தன. தீர்மான நோட்டில் ரேகை வைப்பதில்லை என்று பெண்கள் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெருமை மெய். அதே சமயம், கோலமாகப் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கடன் பத்திரத்தில் போட்டவர்களும் உண்டு. கைநாட்டு வைக்கிறவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எதிரில் இருப்பவருக்காவது தோன்றும். கையெழுத்துப் போடுகிறவரை 'தெரிந்தவர்' கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கணக்கெடுப்புக்கு வருகிறவரும் அப்படித்தான், "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று வாசலில் கேட்பார். "கையெழுத்துப் போடும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால்தான் எழுத்தறிவு என்று அவர் கையேட்டில் இருக்கும். வாசலில் அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது?

வெள்ளெழுத்தும் ஐகாரமும்

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு, நாடு முழுதும் 5 கோடிப் பேர் இலக்கு, ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். 15 வயதைக் கடந்த, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இடம் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடம். சொல்லிக் கொடுப்பவர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். 200 மணி நேரப் பாடம். முடிவில் வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. தேறினால் சான்றிதழ்.

இதே விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அது பிள்ளைகளுக்கான திட்டம். ஆனால் தெருவுக்குத் தெரு ஒரு பெண் சாயங்காலம் பாடம் நடத்துவதை ஊருக்குப் பழக்கியது. அப்படிப் பாடம் நடத்திப் பழகிய ஒரு பெண்தான் அத்தையின் இரண்டாவது வாத்தியார். டிகிரி முடித்தவள், அத்தைக்குப் பேத்தி வயது.

அந்த வகுப்பில் நான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். நூறு நாள் வேலை முடிந்து, மாடு கறந்து, உலை வைத்துவிட்டு ஏழு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் அரைமணி நேரம் ஊர்க்கதை. அதை அந்தப் பெண் தடுக்கவில்லை. "பேசி முடிச்சாதான் எழுத்து உள்ள போவும் சார்" என்றாள்.

அன்றைக்குப் பாடம் கொம்பு எழுத்துகள். தமிழில் பெரியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்று அவள் அனுபவத்தில் சொன்னாள். 'கா' எளிது. க வருகிறது, பின்னால் கால் வருகிறது, வாயும் அதே வரிசையில் போகிறது. 'கெ' அப்படி இல்லை. காதுக்கு க முதலில் வருகிறது, கண்ணுக்குக் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் இன்னும் மோசம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. "மாட்டுக்குக் கொம்பு தலைக்கு முன்னால, வால் பின்னால. அந்த மாதிரி வெச்சுக்கோங்க" என்று பலகையில் ஒரு மாட்டையே வரைந்தாள். 'கை'க்கு வந்ததும் தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். "கைநாட்டுக்கும் இதான் மொத எழுத்து. கையெழுத்துக்கும் இதான் மொத எழுத்து." ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு பதினைந்து பேர் குனிந்து எழுதினார்கள். திருநாதர்குன்றில் சந்திரநந்திக்காக வெட்டிய அந்த ஐகாரம், மூன்று கிலோமீட்டருக்குள், ரூல் போட்ட நோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

அத்தை மட்டும் எழுதவில்லை. நோட்டைத் தூரத் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மண்டையில ஏறல" என்றார். ஏறாதது மண்டையில் இல்லை. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். அதற்குத் தமிழில் பெயரே வெள்ளெழுத்து. படித்தவர்கள் உடனே கண்ணாடி போட்டுக்கொள்வோம். படிக்காதவருக்கு அது வந்ததே தெரியாது, படிக்க உட்காரும்போது தன் புத்தி மங்கிவிட்டது என்று நினைத்து எழுந்து போய்விடுவார். அடுத்த வாரம் செஞ்சியில் சாதாரண வாசிப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். போட்டுக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தார். வகுப்புக்குக் கரும்பலகை போல, கண்ணாடியும் ஒரு தளவாடம். 200 மணி நேரப் பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் கண்ணைப் பார்த்துவிட்டால் நின்றுபோகிறவர்கள் எத்தனையோ பேர் தங்குவார்கள்.

வயது ஒரு தடை இல்லை என்பதற்குச் சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஆலப்புழையின் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், கேரள எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். கென்யாவின் கிமானி மருகே 2004இல் 84 வயதில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். இவர்கள் செய்தியாவது வயதால்தான், 96, 84 என்று. நாற்பத்தைந்து வயதில் படிக்க வருகிறவரை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களுக்குத்தான் இன்னும் முப்பது வருடம் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

சி வந்தா வந்துச்சு, டி வந்தா போச்சு

தமிழ் வந்தபிறகு இன்னொரு கதவு. அது இங்கிலீஷ்.

அறிவொளிக் காலத்து அத்தைக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்றைக்கு மாத்திரை அட்டை இங்கிலீஷ், கேஸ் புக் செய்தால் வருகிற பதில் பெரும்பாலும் இங்கிலீஷ், வங்கி மெசேஜ் இங்கிலீஷ். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துவிட்டதா என்று பார்க்க அத்தை போனை டீக்கடைப் பையனிடம் நீட்டுவார். ஒரு மாதம் கைக்கு ஆயிரம்தான் வந்தது. மீதி எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டவரிடம் எல்லாம் ஒரு பதில் இருந்தது.

எழுத்தறிவுத் திட்டத்தில் இங்கிலீஷ் தனிப் பாடம் இல்லை. வாத்தியார்ப் பெண் அதைத் தானாகவே சேர்த்தாள். ஏ, பி, சி, டி என்று இருபத்தாறையும் ஒப்பிக்க வைக்கவில்லை. வங்கி மெசேஜைப் பலகையில் பெரிதாக எழுதினாள். பணம் வந்தால் 'கிரெடிட்', எடுத்தால் 'டெபிட்'. "பிறை மாதிரி இருக்கா, அது சி. தொப்பை மாதிரி இருக்கா, அது டி. சி வந்தா வந்துச்சு, டி வந்தா போச்சு." வகுப்பே அதைப் பாட்டாகச் சொன்னது. எண்கள் அவர்களுக்கு முன்பே தெரியும். ரூபாய் நோட்டும் போன் பட்டனும் கற்றுக் கொடுத்துவிட்டன. அடுத்த மாதம் அத்தை மெசேஜில் பிறையைத் தேடினார், பக்கத்தில் 1200ஐத் தேடினார். டீக்கடைக்கு டீ குடிக்க மட்டும் போனார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இங்கிலீஷே தெரியாது என்று சொல்கிற அத்தையின் ஒரு நாள் பேச்சை எண்ணிப் பார்த்தேன். பஸ், டிக்கெட், டோக்கன், ரேஷன், கார்டு, பேங்க், லோன், சுகர், பிரஷர், ஆஸ்பத்திரி, டெஸ்ட், ரிப்போர்ட், சார்ஜ், ரீசார்ஜ், நெட்டு, டவரு. காதில் நூற்றுக்கணக்கான சொல் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் இல்லை. பெரியவர்களுக்கான இங்கிலீஷ் பாடம், காதுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டால் போதும். 'திஸ் இஸ் எ கேட்' என்று பூனையில் தொடங்கினால் அவர்களுக்குப் பேரன் புத்தகத்தைத் திருடிப் படிக்கிற கூச்சம் வரும். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியில் தொடங்கினால் அன்று இரவே வீட்டுப் பெட்டியில் இருக்கும் மாத்திரைகளை எடுத்துப் பார்ப்பார்கள். அறிவொளிக்குப் பட்டா எப்படியோ, இன்றைக்கு 'கிரெடிட்' அப்படி.

செஞ்சிக்கு இங்கிலீஷ் இன்னொரு வாசல் வழியாகவும் வந்து நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையைப் பல வருடம் தாக்குப்பிடித்த இடம். ராஜகிரி அடிவாரத்தில் இளநீர் வெட்டுகிறவர், வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா, ஆட்டோக்காரர் எல்லாரும் இந்தக் கதையைத் தாய்ப்பாலோடு கேட்டவர்கள். இனி வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். கதை சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளூரில் இருக்க, அதை இங்கிலீஷில் சொல்ல வெளியிலிருந்து ஆள் வந்தால் காசும் வெளியே போகும். வழி, தூரம், விலை, நேரம், "தண்ணி மேல கிடைக்காது, கீழேயே வாங்கிக்கோங்க", "குரங்கு பிடுங்கும், பையை மூடுங்க" என்று ஐம்பது வாக்கியம் பேசிப் பழகினால் அடிவாரத்து வியாபாரம் அடிவாரத்திலேயே தங்கும். அதற்குப் பட்டம் வேண்டாம், ஒரு மாதச் சாயங்காலங்கள் போதும்.

தேர்வுக்கு மறுநாள்

எல்லாத் திட்டத்திலும் தேர்வு நாள் படம் பத்திரிகையில் வரும். பேத்தி பரீட்சைக்குக் கொண்டுவந்து விட, பாட்டி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்ல படம்தான். எனக்குத் தேர்வுக்கு மறுநாள்தான் கவலை. அறிவொளியில் பெற்றதை அத்தை இழந்தது மறதியால் இல்லை, படிக்க ஒன்றும் இல்லாததால்.

பெரிய எழுத்து தேசிங்கு ராஜனை விற்ற வியாபாரிகளுக்கு இது தெரிந்திருந்தது. புதிதாக எழுத்துக் கூட்டுகிறவருக்குப் பெரிய எழுத்து வேண்டும், தெரிந்த கதை வேண்டும், மலிவு விலை வேண்டும், சந்தையிலேயே கிடைக்க வேண்டும். அறிவொளிக்காரர்களும் புதிதாகப் படித்தவர்களுக்கென்று சிறு நூல்கள் போட்டார்கள். அந்த வரிசை அறுந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ஊர்ப்புற நூலகத்துக்குள் அத்தை போனால் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புத்தகம் இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது. நடுவே, எழுத்துக் கூட்டிப் படிக்கிற அறுபது வயதுக்காரருக்கு ஒரு அலமாரி இல்லை. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் வயலில் இருக்கிறார்.

கூடவே, தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். கல்யாணம் ஆனாலோ வேலை கிடைத்தாலோ அந்தப் பெண் போய்விடுவாள். அவள் போனால் வகுப்பும் போய்விடும். பெங்களூர் போன பையனோடு எங்கள் தெருவில் ஒருமுறை அது நடந்தது.

இரண்டாம் எழுத்து

அத்தை தேர்வு எழுதினார், தேறினார். சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக.

"எப்டி அத்தை வந்தீங்க?"

"பஸ்லதான்."

"யாரு ஏத்திவுட்டாங்க?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "யாரும் ஏத்திவுடல. நானே போர்டப் பாத்து ஏறினேன். மொத பஸ்ஸு நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுச்சு. திண்டிவனத்துக்கும் தி, திருவண்ணாமலைக்கும் தி. மொத எழுத்த நம்பி ஏறினா இந்தப் பக்கம் வர்றதுக்குப் பதிலா அந்தப் பக்கம் போயிடுவேன். ரெண்டாம் எழுத்து வர்ற வரைக்கும் காத்திருந்தேன். அடுத்த பஸ்ஸுல ண்-ணைப் பாத்ததும் ஏறி உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"கண்டக்டரு வந்து, எங்கம்மா போவணும்னாரு. போர்டுல போட்டிருக்குற ஊருக்குத்தான்னேன்."